காய்ச்சல் துப்பாக்கி வாங்கும் முன் ஷெட்டைப் பாருங்கள்

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். கோத்தகிரி பக்கம் சின்ன அளவில் கான்ட்ராக்ட் எடுத்துக் கட்டடம் கட்டுகிறேன், வயது 34. இப்போது சரிவில் ஒரு வீடு ஓடிக்கொண்டிருக்கிறது. கீழே பூச்சு வேலை, மேலே ரூஃப் சென்ட்ரிங். மொத்தம் 22 பேர். அதில் 12 பேர் ஜார்க்கண்ட், ஒடிசா பையன்கள், சைட்டிலேயே ஒரு தகர ஷெட்டில் தங்குகிறார்கள். மற்றவர்கள் உள்ளூர், பிக்கப்பில் வந்து போகிறார்கள், அதில் ஆறு பேர் சித்தாள் அம்மாக்கள். பத்து நாளில் ஏழு பேருக்குக் காய்ச்சல், இருமல். கொரோனா நேரத்தில் அப்பா நடத்திய சைட் நின்றுபோய் பட்ட கடன் இன்னும் முழுசாகத் தீரவில்லை, மறுபடி அப்படி ஏதாவது வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. வீட்டு ஓனர் பெங்களூருவில் இருக்கிறார். நெற்றியில் காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கி வாங்கு, தினமும் மருந்து அடி, எல்லாருக்கும் மாஸ்க் போடு, வேலை மட்டும் நிற்கக்கூடாது என்கிறார். எதை வாங்க, எதை விட? காய்ச்சல் வந்த பையன்களை ஊருக்கு அனுப்பிவிடலாமா?

பதில்: தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன், அனுப்பாதீர்கள். காய்ச்சலில் இருக்கும் பையனை மேட்டுப்பாளையம் வரை பஸ்ஸில் இறக்கி, கோவையில் தன்பாத் ரயிலின் பொதுப்பெட்டியில் ஏற்றிவிட்டால், ஊர் போய்ச் சேரும் வரை அவன் எத்தனை பேரோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பான், நடு வழியில் மூச்சு வாங்கினால் அவனை யார் பார்ப்பார்கள், போய் இறங்கிய பிறகு வீட்டில் இருக்கும் வயதான அப்பா அம்மாவுக்கு என்ன ஆகும், எல்லாவற்றையும் யோசியுங்கள். உங்கள் சைட்டில் உடம்பு கெட்டவன் தேறும் வரை உங்கள் பொறுப்பு. இதைத் தர்மத்துக்காக மட்டும் சொல்லவில்லை. ஒருவனை அனுப்பிவிட்டீர்கள் என்றால் மீதி பதினொரு பேரும் அடுத்த முறை காய்ச்சல் வந்தால் உங்களிடம் மூச்சே விட மாட்டார்கள்.

அந்த மறைப்பதுதான் உங்களுடைய பெரிய பிரச்சினை, அதற்கு வருகிறேன். அதற்கு முன் அந்தத் துப்பாக்கி.

வாங்காதீர்கள். அது தோலின் சூட்டைத்தான் அளக்கிறது. காலை எட்டு மணிக்கு மூடுபனியில் பிக்கப்பின் பின்னால் நின்றுகொண்டு வந்து இறங்குகிற ஆளின் நெற்றி சில்லென்று இருக்கும், உள்ளே 101 டிகிரி ஓடினாலும் கருவி நார்மல் என்று காட்டும். சமவெளியிலேயே அதை முழுசாக நம்ப முடியாது, மார்கழியில் மலையில் கேட்கவே வேண்டாம். இன்னொன்று, காலையில் ஒரு பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வந்தால் எந்தக் கருவியும் பிடிக்காது, அதை உங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். கட்டாயம் பார்க்கத்தான் வேண்டும் என்றால் அக்குளில் வைக்கும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டு வாங்குங்கள், நூற்றுக்கணக்கில்தான் ஆகும்.

மருந்து அடிப்பதும் வேண்டாம். 2020ல் தெருவெல்லாம் அடித்தார்கள், சில இடங்களில் ஆட்களை நிற்கவைத்தே அடித்தார்கள், மனிதர் மேல் எந்தச் சூழ்நிலையிலும் கிருமிநாசினி தெளிக்காதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் அந்த ஆண்டே சொல்லியும் கேட்பாரில்லை. கட்டட சைட்டில் இதில் ஒரு தனி ஆபத்தும் உண்டு. டைல்ஸ் கழுவ ஆசிட் வைத்திருப்பீர்கள். ப்ளீச்சிங் பவுடர் கரைத்த பக்கெட்டில் அந்த ஆசிட் கொஞ்சம் பட்டாலும் குளோரின் வாயு கிளம்பும், மூடிய பாத்ரூமுக்குள் என்றால் ஆளைச் சாய்த்துவிடும். இரண்டையும் ஒரே அறையில் வைக்கவே வைக்காதீர்கள். ஓனர் கேட்டால் டாக்டர் வேண்டாம் என்றார் என்று என் தலையில் போடுங்கள்.

சரி, பணத்தை எதில் போடுவது?

முதலில் சம்பளத்தில். சிரிக்காதீர்கள். உங்கள் ஏழு பேரில் எத்தனை பேர் காய்ச்சல் ஆரம்பித்த அன்றே உங்களிடம் சொன்னார்கள் என்று மேஸ்திரியைக் கேளுங்கள், பெரும்பாலும் இரண்டு நாள் மாத்திரை போட்டுக்கொண்டு வேலை பார்த்துவிட்டு, எழுந்திருக்க முடியாத அன்றுதான் தெரிந்திருக்கும். ஏனென்றால் படுத்தால் அன்றைய கூலி போச்சு. சனிக்கிழமை பட்டுவாடாவில் மூன்று நாள் குறைந்தால் ஊருக்கு அனுப்பும் பணம் குறையும், வாங்கிய அட்வான்ஸ் கழியாது. இந்த மாதிரித் தொற்றுகளில் அறிகுறி தொடங்குவதற்குச் சற்று முன்பும் தொடங்கிய முதல் சில நாட்களிலும்தான் ஆள் அதிகமாகப் பரப்புகிறான், அதாவது அவன் மறைத்துக்கொண்டு வேலைக்கு வருகிற அதே நாட்களில். மாஸ்க், சோப்பு, போர்டு எல்லாம் இதற்குப் பின்னால்தான்.

ஆகவே ஷெட்டில் எல்லாரையும் உட்காரவைத்து, அவர்கள் பாஷை தெரிந்த ஒருவனை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்: காய்ச்சல், இருமல் என்று அன்றே சொன்னால் படுத்திருக்கும் நாட்களுக்குப் பாதிக் கூலி உண்டு, சாப்பாடு உண்டு, வேலை போகாது. முழுக் கூலி தர முடிந்தால் இன்னும் நல்லது. பொய் சொல்லிப் படுத்துக்கொள்வானே என்பீர்கள். ஒன்றிரண்டு பேர் செய்யத்தான் செய்வார்கள், செய்துவிட்டுப் போகட்டும். சித்தாள் ஒருவருக்கு 700 ரூபாய், கொத்தனாருக்கு 1,000 என்று வைத்தால்கூட ஐந்து நாள் பாதிக் கூலி இரண்டாயிரம், இரண்டாயிரத்தைந்நூறில் முடிகிறது. அவன் மறைத்து எட்டுப் பேருக்கு ஒட்டவைத்தால் கான்கிரீட் போடும் தேதி தள்ளிப்போகும், சென்ட்ரிங் ஷீட்டுக்கும் ஜாக்கிக்கும் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும், மிக்ஸர் வண்டிக்குக் கொடுத்த முன்பணம் நிற்கும். இந்தக் கணக்கை நீங்கள் என்னைவிட நன்றாகப் போடுவீர்கள், போட்டு அப்படியே பெங்களூருக்கு அனுப்புங்கள். துப்பாக்கிக்கும் மருந்துக்கும் தரத் தயாராக இருந்த பணத்தை இதற்குத் தரச் சொல்லுங்கள்.

அடுத்து ஷெட். நீங்கள் வேலை நடக்கும் இடத்தைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள், ஆனால் ரூஃபின் மேல் காற்றில் நின்று கம்பி கட்டுகிற இடத்தில் இது அவ்வளவு சுலபமாகப் பரவாது. பரவுவது ராத்திரி பன்னிரண்டு பேர் ஒரே தகரப் பெட்டிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு எட்டு மணி நேரம் ஒரே காற்றை மாற்றி மாற்றி மூச்சு விடும்போது. 2020ல் சிங்கப்பூரில் என்ன நடந்தது என்று நம் புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்து ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள். நாடு முழுக்கக் கட்டுப்பாடு, எல்லாருக்கும் மாஸ்க், ஆனால் அந்த ஆண்டு வந்த தொற்றில் மிகப் பெரும்பகுதி கட்டுமானத் தொழிலாளர்கள் போன்ற வெளிநாட்டு ஆட்கள் அறைக்குப் பத்துப் பன்னிரண்டு பேராகத் தங்கிய டார்மிட்டரிகளில். ஆண்டு முடிவதற்குள் அங்கே தங்கியிருந்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குத் தொற்று வந்து போயிருந்தது. பழைய கதையும் ஒன்று உண்டு, 1957ல் ஆசிய ஃப்ளூ நம் நாட்டுக்குள் நுழைந்தது சிங்கப்பூரிலிருந்து மெட்ராஸ் வந்த ஒரு கப்பலில், அதைப் பின்தொடர்ந்து ஆராய்ந்த இன்ஃப்ளூயன்சா மையம் நம் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் இருந்தது. கப்பலோ டார்மிட்டரியோ தகர ஷெட்டோ, அடைசலான இடம் என்றால் கதை ஒன்றுதான்.

ஜன்னலைத் திறந்து வை என்று சமவெளி டாக்டர் சுலபமாகச் சொல்லிவிடுவார். டிசம்பர் ஜனவரியில் கோத்தகிரி ராத்திரியில் ஜன்னலைத் திறந்துவைத்து யார் தூங்குவது, அந்தப் பையன்கள் இருக்கிற இண்டு இடுக்கில் எல்லாம் சிமெண்ட் சாக்கை அடைப்பார்கள், நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். ஆகவே குளிரை முதலில் தீர்க்காமல் காற்றோட்டம் பேசிப் பயனில்லை. ஆளுக்கு இரண்டு நல்ல கம்பளி கொடுங்கள். தரையில் படுக்கவிடாமல் பலகை அடித்தோ, மிஞ்சிய சென்ட்ரிங் ப்ளைவுட் போட்டோ ஓரடி உயர்த்துங்கள், குளிரில் பாதி தரையிலிருந்துதான் ஏறுகிறது. கூரைத் தகரத்துக்கு அடியில் தெர்மோகோல் கொடுங்கள். படுக்கும் மட்டத்தில் உள்ள ஓட்டைகளை நீங்களே நன்றாக அடைத்துக் கொடுத்துவிட்டு, கூரைக்குச் சற்றுக் கீழே எதிரெதிர்ப் பக்கங்களில் அரையடி அகலத்துக்கு நீளமாகத் தகரத்தை வெட்டி வலை அடியுங்கள், சாரல் அடிக்காமல் மேலே ஒரு மடிப்புத் தகரம். அப்போது காற்று தலைக்கு மேலே போய் வரும், ஆள் மேல் படாது. கரண்ட் இருந்தால் ஒரு பக்கம் பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று மாட்டிவிடுங்கள், இன்னும் நல்லது. படுக்கையை ஒருவர் தலைக்குப் பக்கத்தில் அடுத்தவர் கால் வருகிற மாதிரி மாற்றிப் போடுங்கள், இது செலவே இல்லாதது.

பன்னிரண்டு பேருக்கு ஒரு ஷெட் என்பதை ஆறு ஆறாக இரண்டு ஆக்கிவிடுங்கள். அதோடு மூன்றாவதாகச் சின்னதாக ஒன்று, காய்ச்சல் வந்தவர் படுக்க. அதைச் சிறை மாதிரி ஆக்காதீர்கள், ஒரு பல்பு, ஃபோன் சார்ஜ் போட ஒரு ப்ளக், குடிக்க வெந்நீர், வேளைக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்க ஒரே ஆள். சைட்டில் தங்கவைத்தால் தங்க இடம் இலவசமாகத் தர வேண்டும், சமைக்கத் தனி இடம், குளிக்க, கழிப்பறை வசதி வேண்டும் என்பதெல்லாம் 1996ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டத்திலேயே சொன்னதுதான், நான் புதிதாக எதையும் கேட்கவில்லை.

ஷெட் விஷயத்திலேயே இன்னொன்று, இதைத் தயவுசெய்து இன்றைக்கே பாருங்கள். குளிருக்கு இரும்புச் சட்டியில் கரி போட்டு உள்ளே வைத்துக்கொண்டு தூங்குகிறார்களா? பழைய பெயிண்ட் டப்பாவில் கட்டைத் துண்டு எரிக்கிறார்களா? மூடிய அறையில் கரிப்புகையின் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் கொல்லும், ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இப்படிச் செத்தவர்கள் இருக்கிறார்கள். இதன் ஆரம்ப அறிகுறி தலைவலி, தலைசுற்றல், குமட்டல், அசதி, பார்ப்பதற்கு ஃப்ளூ மாதிரியே இருக்கும். ஒரே ஷெட்டில் மூன்று நான்கு பேர் ஒரே காலையில் தலைவலியோடு எழுந்து, காய்ச்சல் இல்லாமல், வெளியே வந்து கொஞ்ச நேரத்தில் சரியானால் அது தொற்று இல்லை, புகை. கணப்பு வெளியில், தூங்கப் போகும் முன் அணைத்துவிட்டு. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பிக்கப்பைப் பற்றி நீண்டு எழுத ஒன்றுமில்லை. தார்ப்பாயை நான்கு பக்கமும் இறக்கிவிட்டுப் பத்துப் பேரை அடைப்பதைவிடப் பின்பக்கம் திறந்திருக்க இரண்டு நடை அடியுங்கள், அந்த நேரம் மாஸ்க் போடச் சொல்லுங்கள். டீ இடைவேளையும் அப்படித்தான், ரூஃப் ஆட்கள் ஒரு நேரம், பூச்சு ஆட்கள் ஒரு நேரம், வெளியில். டம்ளர் ஆளுக்கு ஒன்று, பெயர் எழுதி. பீடி மாற்றிப் பிடிப்பதை நிறுத்தச் சொல்லிப் பாருங்கள், கேட்டால் உங்கள் அதிர்ஷ்டம்.

மாஸ்க்: 50 கிலோ சிமெண்ட் மூட்டையைத் தோளில் வைத்துச் சரிவில் ஏறுகிற ஆளை மாஸ்க் போடச் சொல்லாதீர்கள், வெளிக்காற்றில் அது தேவையும் இல்லை. மூடுபனியில் நனைந்த மாஸ்க்கில் மூச்சு விடுவது ஈரத் துணியை வாயில் கட்டிக்கொண்ட மாதிரிதான். வண்டிக்குள், கீழ்த்தளத்தில் குளிருக்கு ஜன்னலில் பிளாஸ்டிக் ஷீட் அடித்துவிட்டு நான்கைந்து பேர் பூசுகிற அறைக்குள், இருமல் உள்ளவர் எங்கே இருந்தாலும் அங்கே, இந்த இடங்களில் மாஸ்க் வேண்டும். அந்தப் பிளாஸ்டிக் ஷீட்டையும் பகலில் ஒரு பக்கம் சுருட்டிவிடச் சொல்லுங்கள். டைல்ஸ், கிரானைட் வெட்டுகிறவருக்கு இது தொற்று வந்தாலும் வராவிட்டாலும் தேவை, துணி மாஸ்க் அந்தக் கல்தூசிக்கு ஒன்றுமே இல்லை, என்95தான் வேண்டும், தண்ணீர் விட்டுத்தான் வெட்ட வேண்டும். அந்தத் தூசி வருடக்கணக்கில் நுரையீரலைக் கல்லாக்கும், அப்படிப்பட்ட நுரையீரலில் காசநோய் சுலபமாகக் குடியேறும். வால்வு வைத்த என்95 என்றால் போட்டவரை மட்டும்தான் காக்கும், அவர் விடும் மூச்சு வடிகட்டாமல் வெளியே வரும், இருமுகிறவருக்கு அதைக் கொடுக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் யாராவது இருமினால் அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை இலவசம், அனுப்பிவிடுங்கள்.

கைகழுவச் சானிடைசர் வாங்கி வைப்பார்கள், சிமெண்ட்டில் வெடித்த கையில் அது பட்டால் எரிச்சல் தாங்காது, அப்புறம் தொடவே மாட்டார்கள். வெல்டிங் நடக்கிற இடத்தில் அது தீப்பிடிக்கும் சரக்கு வேறு. சோப்பும் தண்ணீரும் போதும், ஆனால் இந்த ஊர்த் தண்ணீரில் காலையில் யாரும் கை வைக்க மாட்டார்கள், ஆகவே சமையல் அடுப்பிலேயே ஒரு அண்டா வெந்நீர் போடச் சொல்லுங்கள். சாயங்காலம் கைக்குத் தேங்காய் எண்ணெய்.

இப்போது அந்த ஏழு பேர். எல்லாம் ஒரே தொற்று என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். சைட்டில் புதர் வெட்டியது யார்? முட்செடி, புல் மண்டிய சரிவில் வேலை செய்தவருக்குச் சின்னப் பூச்சி கடித்து ஸ்க்ரப் டைஃபஸ் வரும், மலைப்பகுதியில் இது சாதாரணமாகப் பார்க்கிற நோய்தான், அக்குள், இடுப்பு, தொடை மடிப்பில் சிகரெட் சுட்டது போல ஒரு கருப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், சரியான மாத்திரை சீக்கிரம் கொடுத்தால் இரண்டு மூன்று நாளில் எழுந்துவிடுவார், விட்டுவிட்டால் உயிருக்கே வரும். ஜார்க்கண்ட், ஒடிசா மலைக்காட்டு ஊர்களிலிருந்து சமீபத்தில் வந்தவர் என்றால் மலேரியாவுக்கு ரத்தம் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது கூடப் போகிற ஆளிடம் ஒரு துண்டுச் சீட்டில் எந்த ஊர், எப்போது வந்தார், என்ன வேலை, காய்ச்சல் எத்தனை நாள், என்ன மாத்திரை போட்டார் என்று எழுதிக் கொடுங்கள். பாஷை தெரியாமல் அந்தப் பையன் டாக்டர் முன்னால் முழிப்பான், அந்தச் சீட்டுதான் பேசும்.

வாங்க வேண்டியதில் ஒன்று சொல்கிறேன், ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர். கடலோரத்தில் கடலூர்க்காரருக்கு 98 காட்டுகிற கருவி இந்த உயரத்தில் நல்ல ஆளுக்கே 95, 96 என்று காட்டலாம், புதிதாக மலையேறி வந்தவருக்கு இன்னும் ஒன்றிரண்டு குறையலாம். ஆகவே எல்லாரும் நன்றாக இருக்கும்போதே ஒருமுறை பார்த்து நோட்டில் பெயருக்கு நேராக எழுதிவிடுங்கள். காய்ச்சலில் அதைவிட மூன்று நான்கு இறங்கினாலோ 92க்குக் கீழே போனாலோ மாத்திரை கொடுத்து விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, 108க்கு அடியுங்கள். விரல் சில்லென்று இருந்தாலும் நகத்தில் பெயிண்டோ சிமெண்டோ அப்பியிருந்தாலும் தப்பாகக் காட்டும், கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு, நகத்தைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். நம்பர் நன்றாக இருந்தும் ஆள் ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினால் ஆளை நம்புங்கள், நம்பரை நம்பாதீர்கள்.

சித்தாள் அம்மாக்களை நீங்கள் ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். அவர்கள்தான் சாயங்காலம் சைட்டிலிருந்து வீட்டுக்குப் போகிறவர்கள், மாமியார், கைக்குழந்தை எல்லாம் அங்கே இருக்கும். அதில் யாராவது பழங்குடிக் கிராமத்திலிருந்து வருகிறார்களா என்றும் விசாரியுங்கள், சில சமூகங்களில் மொத்த ஜனத்தொகையே சில ஆயிரம்தான், அங்கே ஒரு தொற்று நுழைவது வேறு கதை. 2021ல் பழங்குடி ஊர்களுக்கு ஏறி இறங்கித் தடுப்பூசி போட்ட மாவட்டம் இது, அந்த உழைப்பை ஒரு பிக்கப் வீணாக்க வேண்டாம். காய்ச்சல் கூலி அவர்களுக்கும் உண்டு என்று தனியாகச் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் அது ஆண்களுக்கு மட்டும் என்றே எடுத்துக்கொள்வார்கள். கழிப்பறை இல்லாத சைட்டில் பெண்கள் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் சமாளிப்பார்கள், காய்ச்சல் காலத்தில் அது இன்னும் மோசம், தாழ்ப்பாள் உள்ள ஒன்று கட்டிக் கொடுங்கள்.

ஆள் குறைந்த நாளில் இருக்கிறவர்களை வைத்து அவசரப்படுத்தாதீர்கள், முக்கியமாகத் தடுப்புச்சுவர் வேலையில். 2024 பிப்ரவரியில் ஊட்டி லவ்டேல் பக்கம் தடுப்புச்சுவர் வேலையின்போது கட்டடம் சரிந்து ஆறு பெண்கள் போனது உங்களுக்கே தெரியும். தொற்று நேரத்தில் சூப்பர்வைசரும் படுத்துவிட்டால் மண் வெட்டும் வேலையை அன்றைக்கு நிறுத்திவிடுங்கள், பூச்சு வேலை நடக்கட்டும்.

மறுபடி ஒரு ஊரடங்கு வருமா என்று பயப்படுகிறீர்கள். இப்போது வந்திருப்பது அந்த அளவு என்று நான் நினைக்கவில்லை, ஆனால் அமைதியாக இருக்கும்போதே செய்துவைக்க வேண்டியது இரண்டு. ஒன்று, உள்ளூர் ஆட்கள் எல்லாரையும் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதியவையுங்கள், 18 முதல் 60 வயது வரை பதியலாம். 2020ல் வாரியத்தில் பதிந்திருந்தவர்களுக்குத்தான் அரசின் 1,000 ரூபாயும் அரிசியும் வாரியம் வழியாகக் கிடைத்தது, பதியாத ஆள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கான நிதி உங்களைப் போன்றவர்களிடம் கட்டட மதிப்பில் ஒரு சதவீதமாக வாங்கியதுதான். இரண்டு, வடமாநிலப் பையன்களின் ரேஷன் கார்டு ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்று கேளுங்கள், இருந்தால் ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் இங்குள்ள கடையிலேயே அவர்கள் பங்குத் தானியத்தை வாங்கலாம், 2020 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டில் இது உண்டு. ரேகை வைத்து ஒரு மாதம் வாங்கிப் பார்க்கச் சொல்லுங்கள், அவசரத்தில் போய் மெஷின் ரேகையை எடுக்கவில்லை என்று திரும்ப வேண்டாம், சிமெண்ட்டில் தேய்ந்த விரலுக்கு இந்தத் தொல்லை அடிக்கடி வரும்.

ஏழு பேரில் இன்னும் காய்ச்சல் விடாதவர்களை நாளைக் காலையிலேயே கோத்தகிரி அரசு ஆஸ்பத்திரிக்கு அந்தச் சீட்டோடு அனுப்புங்கள். காய்ச்சல் நின்றவர்கள் மாத்திரை இல்லாமல் ஒரு முழு நாள் தாண்டிய பிறகு லேசான வேலைக்கு வரட்டும், பாரம் தூக்கும் வேலையும் சாரம் ஏறும் வேலையும் ஒரு வாரம் வேண்டாம், தொற்று விட்ட உடம்பில் தலைசுற்றி விழுவார்கள். ஷெட்டில் தகரம் வெட்டும்போது எந்தப் பக்கம் காற்று அடிக்கிறது என்று பையன்களையே கேட்டுவிட்டு வெட்டுங்கள், ராத்திரி அங்கே படுப்பவர்கள் அவர்கள்தான்.